ஓர் ஆளுக்கு மட்டும் இடம்

பதிவு 211
நிலைய நேரம் 07:10 | காற்றுச் சேமிப்பு: 94% | சுரங்கத்தில்: யாருமில்லை

வழக்கமான நாள். மின்கலம் சரி. கழிவுநீர் வடிகட்டியைக் கழுவினேன். சனி ஜன்னலில் அதே இடத்தில் நிற்கிறது. இந்த ரியா நிலாவிலிருந்து பார்த்தால் அது நகர்வதே இல்லை.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது, அதனால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலி. தூத்துக்குடிக்காரி. இந்தப் பனிச்சுரங்க நிலையத்தின் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. தலைப்பில் உள்ள எண்களை நிலையமே போட்டுக்கொள்ளும். கீழே எழுதுவது நான்.

போன ஆண்டு இங்கே பதினாறு பேர் இருந்தோம். சுரங்கத்தில் ஒரு சாவு விழுந்தது. வேலையை நிறுத்தி எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நிலையம் உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை என்றார்கள். நான் கை தூக்கினேன். செத்தவர் என் புருஷன் லூர்து. அவரைக் கொன்றது இந்த நிலையத்துக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

சுரங்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் சுவர் வெறும் பனி. காற்றை நிரப்பினால் விரிசல் வழியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே ஆள் இருக்கும்போது மட்டும்தான் காற்றும் வெப்பமும். ஆள் இல்லையென்றால் நிலையம் தானாகவே கதவை அடைத்து, காற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? என் வயிற்றெரிச்சல் முழுவதும் அங்கேதான்.

பதிவு 212
நிலைய நேரம் 07:05 | காற்றுச் சேமிப்பு: 94% | சுரங்கத்தில்: யாருமில்லை

நேற்று எழுத ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். இன்று எழுதிவிடுகிறேன்.

வாசலில் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். வாசல் கருவி எக்ஸ்எம்எல் என்கிற தன் பதிவுத் தாளில் 'உள்ளே' என்று ஒரு வரி சேர்த்து, பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளும். இரண்டு பேர் போனால் இரண்டு வரி. வெளியே வந்து தட்டினால் அந்த ஆளின் வரியை அழித்துவிடும். தாளில் தப்பே வராது.

நிலையத்தின் நிரலுக்கு அந்தத் தாள் அப்படியே புரியாது. தாளில் உள்ள எந்தச் சொல் நிரலுக்குள் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். வரிக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு. அனோடேஷன் என்போம். எழுதியவர் தலைமை வடிவமைப்பாளர் கதிரேசன். எழுதியது இவ்வளவுதான்:

@உறுப்பு(பெயர் = "உள்ளே")
ஆள் உள்ளிருப்பவர்;

ஓர் ஆளுக்கு மட்டும் இடம். தாளில் இரண்டு வரி இருந்தால், முதல் பெயரை அந்த இடத்தில் வைக்கும். பிறகு இரண்டாவது பெயரை அதன் மேலேயே வைக்கும். முதல் ஆள் போன இடம் தெரியாது. பிழை என்று ஒரு மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. இரண்டாவது ஆள் வெளியே வந்து தட்டினால் இடம் காலி. மறுபடி யாராவது உள்ளே போகத் தட்டும்வரை அது தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

விதிப்புத்தகப்படி ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுரங்கத்துக்குள் போகலாம். பூமியில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம். துளைக்கருவியை ஒருவர் அழுத்த, இன்னொருவர் குழாயைப் பிடிக்காவிட்டால் ஒரு முழம்கூட இறங்காது. முதல் நாளிலிருந்தே இரண்டிரண்டு பேராகத்தான் போனார்கள். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள்.

அன்றைக்கு லூர்து முதலில் போனார். பின்னால் அவருடைய கூட்டாளி முத்துக்குட்டி. கொஞ்ச நேரத்தில் லூர்துவின் குரல் என் ரேடியோவில் வந்தது:

*லூர்து: "ஏட்டி அமலி, கடைசிக் குழாய்தான். வந்துருதேன். அந்த மீன் டப்பாவ எனக்கும் வையி, நீயே தின்னு தீத்துராத."*

துளைமுனை தேய்ந்துவிட்டதென்று முத்துக்குட்டி வெளியே வந்தான், புதியது எடுக்க. திரும்பி வந்தபோது கதவு அடைத்திருந்தது. பாவம், கையால் கதவைத் தட்டினான், காலால் உதைத்தான். கார்டைத் தட்டத் தோன்றவில்லை. தட்டியிருந்தால் யாரோ உள்ளே போகிறார் என்று நினைத்து நிலையம் காற்றைத் திரும்ப விட்டிருக்கும். அது அன்று யாருக்கும் தெரியாது. பிறகு நிரலைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.

விசாரணை நடந்தது. கதிரேசன் அறிக்கை எழுதினார். எனக்கு மனப்பாடம்: "ஊழியர் கார்டைத் தட்டாமல் உள்ளே சென்றார். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். மென்பொருளில் பிழை இல்லை. ஊழியர் தன் கவனக்குறைவால் இறந்தார்." காற்று நிரம்பிய சுரங்கத்தில் எவன் தலைக்கவசத்தோடு வேலை செய்வான்? அவர் தட்டினாரா இல்லையா என்று வாசல் கருவிக்குத் தெரியும். கார்டு தட்ட மட்டும் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தாளை முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள். கதிரேசனின் உள்ளங்கைக்கு மட்டும்தான் திறக்கும்.

நான் அனோடேஷனைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் ஒரே வரி: நிரலில் ஒரு எழுத்தும் தொடக்கூடாது.

நான் தொடவில்லை.

பதிவு 230
நிலைய நேரம் 11:40 | காற்றுச் சேமிப்பு: 93% | சுரங்கத்தில்: யாருமில்லை

பூமியிலிருந்து செய்தி. நேரில் பேசுகிற தோரணையில்.

*கதிரேசன்: "அமலி, நல்லா இருக்கீங்களா? அடுத்த கப்பல்ல நானே வர்றேன். நம்ம சிஸ்டத்த இன்னும் மூணு நிலையத்துல போடப் போறாங்க. அதுக்கு ஸ்பாட்ல நின்னு சர்டிஃபிகேட் குடுக்கணுமாம். நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் பக்காவா வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."*

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூன்று நிலையம். அதே குறிப்பு, அதே ஓர் ஆளுக்கான இடம். அங்கேயும் யாராவது ஒருத்தி மீன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அவருக்கு ஓர் அறையைச் சுத்தம் செய்தேன். போர்வை உதறி விரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். வரட்டும். என் வாயால் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.

பதிவு 251
நிலைய நேரம் 16:20 | காற்றுச் சேமிப்பு: 93% | சுரங்கத்தில்: யாருமில்லை

கப்பல் அவரை இறக்கிவிட்டு டைட்டன் நிலாவுக்குப் போய்விட்டது. திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும். இங்கே நாங்கள் இருவர் மட்டும்.

ஆள் இளைத்திருக்கிறார். பார்ப்பதற்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் மாதிரி. எனக்கு ஒரு டப்பா நீட்டினார். தூத்துக்குடி மக்ரூன். ஊரிலிருந்து சொல்லி வரவழைத்தாராம். புருஷனைத் தின்றுவிட்டு எனக்குத் தின்பண்டம். வாங்கி அலமாரியில் வைத்தேன். நன்றி என்றுகூடச் சொன்னேன், என் நாக்குக்கு வெட்கமே இல்லை.

பதிவு 253
நிலைய நேரம் 10:15 | காற்றுச் சேமிப்பு: 93% | சுரங்கத்தில்: யாருமில்லை

அவர் வெளியே ஆன்டெனா பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் கேட்டேன். ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

*அமலி: "சார், ஒண்ணு கேக்கலாமா. அந்த 'உள்ளே' குறிப்பு. ஒரு ஆளுக்குத்தான் எழுதிருக்கீங்க. லிஸ்ட்டா எழுதிருக்கணும்லா?"*

*கதிரேசன்: "விதி என்னம்மா சொல்லுது? ஒரு நேரத்துல ஒருத்தர். அதத்தான் நான் எழுதினேன். விதிய மீறிப் போனா அதுக்குப் புரோகிராம் என்ன பண்ணும்?"*

*அமலி: "பிழைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். நான் வேற எதுவும் கேக்கல."*

*கதிரேசன்: "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இல்லாத பிழைய எப்படி இருக்குன்னு சொல்றது? விடுங்க. நாளைக்கு சுரங்கத்துக்குள்ள வீடியோ எடுக்கணும். நான் நின்னு பேசணும், நீங்க கேமராவப் பிடிக்கணும். ஒரு அஞ்சு நிமிஷ வேலை."*

நான் திட்டம் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதாவது, போட்டேன்தான். ஆனால் இருவராகப் போகலாம் என்று சொன்னது அவர். விதி, விதி என்று இந்த நிமிடம்வரை என் வாயை அடைத்த அதே மனிதர்.

பதிவு 254
நிலைய நேரம் 09:32 | காற்றுச் சேமிப்பு: 88% | சுரங்கத்தில்: ஒருவர்

வாசல் மேஜையிலிருந்து எழுதுகிறேன். அவர் முதலில் தட்டிவிட்டு உள்ளே போனார். பின்னால் நான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கதவுக்கு வெளியே உள்ள கொக்கியில் மாட்டியிருந்தார். எல்லோரும் அப்படித்தானே. வீடியோவுக்குத் தலை வாரிக்கொண்டார்.

திரையில் ஒருவர் என்று காட்டியது. அந்த ஒருவர் நான். கேமராவுக்கு வேறு பேட்டரி எடுத்துவருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். கார்டு என் கையில் இருக்கிறது. இன்னும் தட்டவில்லை.

தட்டிவிட்டேன்.

பதிவு 255
நிலைய நேரம் 09:34 | காற்றுச் சேமிப்பு: 89%, ஏறுகிறது | சுரங்கத்தில்: யாருமில்லை

ரேடியோப் பேச்சைக் கீழே சேர்க்கிறேன்.

*கதிரேசன்: "அமலி, கதவு மூடிருச்சு. நீங்களா மூடினீங்க?"*

*அமலி: "நான் இல்ல சார். நிலையம். உள்ள யாரும் இல்லங்குது."*

*கதிரேசன்: "நான் இருக்கேனே! தட்டிட்டுத்தானே வந்தேன். நீங்களே பாத்தீங்க."*

*அமலி: "பாத்தேன். லூர்தும் தட்டிட்டுத்தான் போனாவ."*

*கதிரேசன்: "அத… அத நீங்க மாத்தலயா?"*

*அமலி: "ஒரு எழுத்தும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க."*

*கதிரேசன்: "ஐயோ, அது பேப்பருக்கு எழுதுறதும்மா! எழுத்துல அப்படித்தான் குடுப்போம். கீழ இருக்கிறவங்க சொல்லாம கொள்ளாம மாத்திருவாங்க. எப்பவும் அப்படித்தானே நடக்குது. நீங்க மாத்திருப்பீங்கன்னு நம்பித்தான் உள்ளயே வந்தேன்."*

*அமலி: "மென்பொருள்ல பிழை இருக்கா சார்? பதிவாகுது. சொல்லுங்க."*

*கதிரேசன்: "இருக்கு. இருக்கு. என் தப்பு. லூர்து மேல ஒரு தப்பும் இல்ல. போதுமா? காது அடைக்குது. திறங்கம்மா."*

போதும். இதுதான் வேண்டும். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பனிக்கட்டியின் மேல் தனியாகக் கிடந்தேன். கார்டை வாசல் கருவியின் மேல் கொண்டுபோனேன். தட்டினால் காற்று திரும்பிவிடும். சத்தியமாகத் தட்டத்தான் போனேன்.

*கதிரேசன்: "எல்லாத்தையும் சொல்லிடுறேன். அவரே எழுதியிருந்தாரு அமலி. லூர்து. ரெண்டு பேரு போனா ஒருத்தர் பேருதான் திரையில வருது, பாருங்கன்னு. சாகிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே. நான்தான் விதிப்படி ஒருத்தர்தான் போகணும்னு பதில் போட்டு மூடிட்டேன். அத திறந்தா அடுத்த நிலையத்து வேலையெல்லாம் தள்ளிப்போயிருக்கும். அமலி? கேக்குதா?"*

கேட்டது.

லூர்து என்னிடம் சொல்லவில்லை. என் வேலையில் தலையிடுவதாக நான் கோபித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது, பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, மறுநாளும் தட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அதற்கு மறுநாளும்.

தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அவன் தெரிந்தே செய்தான். இனி அவர் இல்லை. அவன்.

கையைக் கீழே இறக்கினேன்.

*கதிரேசன்: "அமலி. அம்மா. உங்க காலப் பிடிக்கிறேன். அமலி—"*

*கதிரேசன்: (புரியவில்லை)*

*நிலையம்: சுரங்கம் காலி. காற்று மீட்பு நிறைவு.*

பதிவு 256
நிலைய நேரம் 13:50 | காற்றுச் சேமிப்பு: 93% | சுரங்கத்தில்: யாருமில்லை

மக்ரூன் டப்பாவைத் திறந்து ஒன்றைத் தின்றேன். முந்திரி வாசனை. நன்றாக இருந்தது. அழுகை வரவில்லை. மனசு குளிர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. அதுவும் இல்லை.

அறிக்கை எழுதவேண்டும். யோசிக்கவே வேண்டாம், அவன் எழுதியதையே எடுத்து வைத்துக்கொண்டேன். ஊழியர் கார்டைத் தட்டாமல் உள்ளே சென்றார். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அவன் வார்த்தையாலேயே அவனைப் புதைக்கலாம். எனக்கு ஒரு கீறல் விழாது. சிரித்தேன்கூட.

அடுத்த வரி: மென்பொருளில் பிழை இல்லை.

அதில் கையெழுத்துப் போடவேண்டியவள் நான். போட்டால் நான் தப்பித்தேன். லூர்து மறுபடியும் தன் கவனக்குறைவால் செத்தவர். இந்த முறை பெண்டாட்டியின் கையெழுத்தோடு. ரேடியோப் பேச்சை அனுப்பினால் அவர் பெயர் துலங்கும், நான் கொலைகாரி. கார்டைத் தட்டியிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்கும். அந்தக் கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

அறிக்கையை அழித்தேன். பேச்சை முழுவதுமாக, என் மௌனம் உட்பட, பூமிக்கு அனுப்பினேன்.

பதிவு 257
நிலைய நேரம் 15:05 | காற்றுச் சேமிப்பு: 86%, இறங்குகிறது | சுரங்கத்தில்: இருவர்

அனுப்பிய கையோடு குறிப்பைத் திருத்தினேன்.

@உறுப்பு(பெயர் = "உள்ளே")
பட்டியல்<ஆள்> உள்ளிருப்பவர்கள்;

ஒரு சொல் மாற்றம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நிரலை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். அது வாசல் கருவியிடம் தாளைக் கேட்டு, முதல் தடவையாக, எல்லா வரிகளையும் வாசித்தது. தலைப்பைப் பாருங்கள். இருவர்.

கதிரேசன் ஒருவன்தானே, இன்னொருவர் யார் என்று குழம்பினேன். பட்டியலைத் திறந்தேன்.

1. லூர்து
2. கதிரேசன்

முதல் வரியில் அவர் பெயர். பக்கத்தில், போன ஆண்டு அந்தக் காலையில் அவர் தட்டிய நேரம். தட்டியிருக்கிறார். தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரைத் தூக்கி வந்த நான்கு பேரில் யாருக்கும் அவர் கார்டை எடுத்து வெளியே என்று தட்டத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? அதனால் அந்த வரி அழியவில்லை. நான் உள்ளே போன ஒவ்வொரு முறையும் நிலையம் அவர் பெயரை எடுத்து, அதன் மேல் என் பெயரை வைத்திருக்கிறது.

இப்போதுதான் அழுதேன்.

கதவு திறந்துவிட்டது. சுரங்கத்துக்குள் காற்று போகிறது, சூடு போகிறது, விளக்கெல்லாம் எரிகிறது.

பதிவு 259
நிலைய நேரம் 08:00 | காற்றுச் சேமிப்பு: 61%, இறங்குகிறது | சுரங்கத்தில்: ஒருவர்

உள்ளே போய்க் கதிரேசனை இழுத்து வந்து, அவன் கார்டை எடுத்து வெளியே என்று தட்டினேன். லூர்து இருக்கும் இடத்தில் அவன் இருக்கவேண்டாம்.

இப்போது உள்ளே ஒருவர். சரியான ஒருவர். அவரை வெளியே எடுக்க வழியில்லை. அவர் கார்டு சட்டைப்பையோடு ஊருக்குப் போய், அவரோடு மண்ணுக்குள் இருக்கிறது. வாசல் கருவியைத் திறந்து வரியை அழிக்கக் கதிரேசனின் உள்ளங்கை வேண்டும். உறைந்து வெடித்த அந்தக் கையைக் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை. காற்று வால்வைக் கையால் மூடலாம் என்றால், உள்ளே ஆள் இருக்கும்போது மூட முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

பூமியிலிருந்து பதில்:

*பூமி: "அமலி மேடம், ரெக்கார்டிங் கிடைச்சுது. சட்டப்பிரிவு பாத்துட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பழைய புரோகிராம உடனே திருப்பிப் போட்டுருங்க. காத்து வேகமா குறையுது, கப்பல் வர்றதுக்குள்ள தீந்துரும். உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றோம்."*

தொடாதே என்றவர்கள் இப்போது தொடு என்கிறார்கள். என் பதில்:

*அமலி: "பழைய புரோகிராமப் போட்டா லூர்து உள்ள இல்லன்னு ஆயிரும். அப்படி ஒரு ஆளு தட்டவே இல்லன்னு ஆயிரும். நீங்க ஒரு தடவ சொல்லிட்டீங்க. ரெண்டாந்தடவ என் கையால சொல்ல வைக்காதிய. உங்க மூணு நிலையத்துக்கும் சர்டிஃபிகேட் வேணும்னா இங்க வந்து இந்தத் திரையப் பாத்துட்டுக் குடுங்க."*

கப்பலில் யார் வந்தாலும் முதலில் கண்ணில் படப்போவது அந்த ஒரு வரிதான். நிரலின் குறிப்பை மாற்றி எழுதும் கடவுச்சொல்லை நான் அழித்துவிட்டேன். எனக்கும் இனி மாற்ற முடியாது. இதைத்தான் பழிவாங்குவது என்பார்கள் என்று நினைக்கிறேன். கதிரேசனுக்குச் செய்தது வெறும் கொலை.

பதிவு 271
நிலைய நேரம் 17:45 | காற்றுச் சேமிப்பு: 6%, இறங்குகிறது | சுரங்கத்தில்: இருவர்

கைக்கருவியில் எழுதுகிறேன். கார்டைத் தட்டிவிட்டுத்தான் வந்தேன். பட்டியலில் இப்போது லூர்து, அடுத்து அமலி. ஒன்றின் மேல் ஒன்று இல்லை. ஒன்றின் கீழ் ஒன்று.

நிலையத்தில் குளிர். இங்கே சூடாக இருக்கிறது. அவருக்காக ஓடும் காற்று. விரிசலில் விசில் மாதிரி சத்தம்.

மீன் டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன். பாதி வைத்திருக்கிறேன். தலை சுற்றுகிறது, எழுத்து

படிக்கிறவர்களே, திருத்தி எழுதாதீர்கள். அந்த வரி சரி. இந்த ஒன்றாவது

பதிவு 272
நிலைய நேரம் 07:10 | காற்றுச் சேமிப்பு: 0% | சுரங்கத்தில்: இருவர்

*நிலையம்: இருவரும் வெளியே வந்த பிறகே கதவு அடைக்கப்படும். காத்திருக்கவும்.*